முன்பணம் கொடுத்த நாளுக்கும் பத்திரம் பதியும் நாளுக்கும் நடுவே: தொற்றுக் காலத்தில் வீடு வாங்குவோர் கவனத்துக்கு

சிதம்பரத்தில் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்று வச்சுக்குங்க. கீழவீதியிலிருந்து நடந்து போகிற தூரம். விற்பவர் சீர்காழியில் இருக்கிறார். நீங்கள் சென்னையில் வேலை பார்த்தவர். 2020 ஊரடங்கில் ஊருக்கு வந்து, வீட்டிலிருந்தே வேலை செய்கிறீர்கள். ஏப்ரல் மாதம் விலை பேசி முடித்து, இரண்டு லட்சம் முன்பணமும் கொடுத்தாச்சு. "வர்ற மாசம் பதிஞ்சுக்கலாம்" என்று இரு தரப்பும் வாய்வார்த்தையாகப் பேசிக்கொண்டீர்கள்.

2021 மே 10ஆம் தேதி ஊரடங்கு வந்தது. மே 24 முதல் அது முழு ஊரடங்கானது. ஜூன் 7ஆம் தேதி கடலூர் மாவட்டத்துக்குத் தளர்வுகள் கிடைத்தன. கொள்ளிடத்துக்கு அந்தக் கரையிலிருக்கும் மயிலாடுதுறை மாவட்டமோ, கட்டுப்பாடுகள் தொடர்ந்த 11 மாவட்டங்களில் ஒன்று. பாலத்தைத் தாண்டினால் வந்துவிடுகிற மனிதர் வர முடியவில்லை. இதற்கிடையில் அவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்படுகிறீர்கள். பத்து நாள் கழித்து அவர் வீட்டிலிருந்து வந்த போன் நல்ல செய்தி சொல்லவில்லை.

இது ஒரு கற்பனை உதாரணம்தான். ஆனால் படிக்கிற பலருக்கும் இப்படி நடக்கக்கூடியது என்று புரியும். அந்த இரண்டு லட்சம் இப்போது யாரிடம் கேட்பது? வீடு யாருடையது? யார் கையெழுத்துப் போட வேண்டும்?

சாதாரண நாளில் முன்பணத்துக்கும் பதிவுக்கும் நடுவே இருக்கும் ஒரு மாதத்தை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. தொற்றுக் காலத்தில் அந்த ஒரு மாதம்தான் ஆபத்தானது. ஊரடங்கு, வேலை இழப்பு, நோய், மரணம் எல்லாம் அந்த இடைவெளியில்தான் குறுக்கிடுகின்றன. ஆகவே முன்பணத்துக்கு முன்பே முடிக்கக்கூடியதை முடித்துவிடுங்க, இடைவெளியைச் சுருக்குங்க, மிச்சமிருக்கும் நாட்களுக்கு எழுத்துப்பூர்வமான பாதுகாப்பு வச்சுக்குங்க. எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: செல்போனிலேயே முடிகிற சோதனைகள்

ஆபீஸ் ஆபீஸாக அலையாமல் கையிலிருக்கும் போனிலேயே பாதி விஷயத்தைப் பார்த்துவிடலாம். விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது சர்வே எண், உட்பிரிவு எண், கிராமம், பழைய பத்திர எண், ஆண்டு. நகராட்சி எல்லைக்குள் என்றால் வார்டு, பிளாக், நகர சர்வே எண்ணும் வேண்டும். "எல்லாம் நேர்ல பேசிக்கலாம்" என்று இழுத்தால் அங்கேயே கொஞ்சம் யோசிங்க.

வில்லங்கச் சான்று. பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் அந்தச் சொத்தின் மீது பதிவான கிரயம், அடமானம், செட்டில்மென்ட், பவர் எல்லாம் வரிசையாக வரும். குறைந்தது 30 ஆண்டுக்குப் பாருங்க. தளத்தில் கிடைக்காத பழைய விவரம் தேவைப்பட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும்.

வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணம் மட்டுமே தெரியும் என்பதை மறக்க வேண்டாம். பதியாத ஒப்பந்தம், வாய்வழிக் குத்தகை, வரி பாக்கி, அசல் பத்திரத்தைத் தெரிந்தவரிடம் கொடுத்து வாங்கிய கைமாற்று எதுவும் அதில் வராது. மருத்துவச் செலவுக்காகப் பத்திரத்தை வைத்துப் பணம் புரட்டிய குடும்பங்கள் எந்த ஊரிலும் உண்டு. அதனால் ஜெராக்ஸ் போதாது. அசல் கிரயப் பத்திரத்தையும் மூலப்பத்திரங்களையும் நேரில் கண்ணால் பாருங்க. "தொலைஞ்சு போச்சு" என்றால், காவல் நிலையப் புகாரும், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றும், பத்திரிகை விளம்பரமும் இல்லாமல் மேலே போகாதீங்க.

பட்டா, சிட்டா, புலப்படம். வருவாய்த்துறையின் இ-சேவைகள் தளத்தில் செல்போன் எண்ணும் ஓடிபியும் கொடுத்துப் பட்டாவைப் பார்க்கலாம். அ-பதிவேடு, புலப்படம், நகர நிலப் பதிவேடு ஆகியவையும் அங்கேயே உண்டு. பட்டாவில் விற்பவர் பெயர் மட்டும் இருக்கிறதா, அண்ணன் தம்பி அக்கா பெயர்களும் கூட்டாக இருக்கின்றனவா என்று பாருங்க. கூட்டுப் பட்டா என்றால் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டிவரும். அவர்களில் ஒருவர் துபாயில் இருந்தால், விமானம் எப்போது ஓடும் என்பதும் உங்கள் பிரச்சினைதான்.

கோயில், வக்ஃபு, நத்தம். சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில், பரங்கிப்பேட்டை பக்கம் கோயில், மடம், கட்டளை, வக்ஃபு நிலங்கள் உண்டு. பலர் தலைமுறையாகக் குடியிருப்பார்கள். வீடு அவர்கள் கட்டியதாக இருக்கும். அடிமனை மட்டும் சாமி பெயரில் இருக்கும். அந்த மனையைக் கிரயமாகப் பதிய முடியாது. அ-பதிவேட்டில் யார் பெயர் என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். கிராம நத்தம் என்றால் தாலுகா அலுவலகத்தில் நத்தம் பதிவேட்டைக் கேட்டு உறுதிப்படுத்துங்க.

மனை அங்கீகாரம். காலி மனையாகவோ, புதிய நகரில் கட்டிய வீடாகவோ இருந்தால், நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்க. "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்" என்பது போதாது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு சொல்கிறது. 2016 அக்டோபர் 20க்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவானவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அப்படிப்பட்ட மனையை வாங்கினாலும், வரன்முறைப்படுத்திய ஆணை இல்லாவிட்டால் பிறகு வீடு கட்ட அனுமதி வாங்குவதில் சிக்கல் வரும்.

இரண்டாம் படி: நேரில் போய்த்தான் பார்க்க வேண்டியவை

வீடியோ காலில் வீடு காட்டுவது இப்போது சகஜமாகிவிட்டது. பத்து வீட்டை இரண்டாகச் சுருக்க அது நல்ல வழி. ஆனால் வீடியோவில் சுவரின் ஈரம் தெரியாது, கிணற்றுத் தண்ணீரின் உப்பும் தெரியாது. முடிவெடுக்கும் முன் ஒருமுறையாவது நேரில் போயாக வேண்டும்.

போகும்போது குடும்பத்தோடு கும்பலாகப் போக வேண்டாம். இரண்டு பேர் போதும். முகக்கவசம் போட்டு, சன்னல் கதவுகளைத் திறந்து வைக்கச் சொல்லி, முன்கூட்டியே நேரம் சொல்லிவிட்டுப் போங்க. அங்கே வயதானவர்களோ, தனிமையில் இருப்பவரோ உண்டா என்று கேட்டுக்கொள்வது மரியாதையும்கூட.

நம்ம மாவட்டத்தில் வீடு வாங்குபவர் வேறு எதைக் கேட்க மறந்தாலும் தண்ணீரைப் பற்றிக் கேட்க மறக்கக் கூடாது. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 நவம்பர் பெருமழை என்று கடலூர் ஒவ்வொன்றிலும் அடிபட்டிருக்கிறது. 2020 டிசம்பரில் புரெவி புயல் மழையில் நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றதைச் சிதம்பரம்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடலூர் நகரில் கெடிலமும் தென்பெண்ணையும், சிதம்பரம் பக்கம் கொள்ளிடமும், வீராணத்து உபரிநீரும் எந்தத் தெருவரை வரும் என்பது உள்ளூரில் எல்லோருக்கும் தெரியும். வாங்குகிற உங்களுக்கு மட்டும் அது தெரியாமல் இருக்கக் கூடாது.

அதனால் விற்பவரிடம் கேட்பதோடு நிறுத்தாமல், பக்கத்து வீட்டுப் பெரியவரிடமும் தெருமுனை டீக்கடையிலும் கேளுங்க: "போன புயல்ல இங்க எதுவரைக்கும் தண்ணி வந்துச்சு? எத்தனை நாள் நின்னுச்சு?" சுவரில் இடுப்பளவில் நிறம் மாறியிருந்தால் புதுப் பெயிண்ட் அடித்தாலும் கூர்ந்து பார்த்தால் தெரியும். தெருவைவிட வீட்டுத் தளம் எத்தனை படி உயரம் என்று எண்ணிப் பாருங்க. கடற்கரையோரம், உப்பனாறு, பிச்சாவரம் பக்கம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டலக் கட்டுப்பாடு அந்த இடத்துக்கு உண்டா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்க.

மூன்றாம் படி: பணக் கணக்கு

2021இல் வீட்டுக் கடன் வட்டி குறைவாக இருந்தது. 2020 மே மாதம் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதமாகக் குறைத்தது. நல்ல கடன் வரலாறு உள்ளவர்களுக்குச் சில வங்கிகளில் 7 சதவீதத்துக்கும் கீழேயே கிடைத்தது. இதைப் பார்த்துத்தான் பலருக்கும் வாங்கும் ஆசை வந்தது. ஆசை தப்பில்லை. ஆனால் 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய மிதவை வட்டிக் கடன்கள் வெளி விகிதத்தோடு, பெரும்பாலும் ரெப்போவோடு, இணைக்கப்பட்டவை. அது ஏறினால் உங்கள் வட்டியும் ஏறும்.

20 லட்சம் கடன், 20 ஆண்டு. 7 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 15,500 ரூபாய். அதுவே 9 சதவீதமானால் சுமார் 18,000 ரூபாய். இன்றைய தவணையைக் கட்ட முடியுமா என்பதோடு, 9 சதவீதத் தவணையையும் தாங்குமா என்று கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்க.

கையிலிருந்து எவ்வளவு வேண்டும்? 30 லட்சம் ரூபாய் வீடு என்று வைத்துக்கொள்வோம். வங்கி அதிகபட்சம் 90 சதவீதம், அதாவது 27 லட்சம்வரை தர விதி இடம் கொடுக்கிறது. மதிப்பீட்டைப் பொறுத்து குறைவாகவும் தரலாம். மீதி 3 லட்சம் உங்களுடையது. அதற்கு மேல், 2021 விகிதப்படி, முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 2,10,000. அப்போதைய பதிவுக் கட்டணம் 4 சதவீதம், 1,20,000. ஆக 3,30,000 ரூபாய். இந்த விலையில் வாங்கும் வீட்டுக்கு இதை வங்கி கடனில் சேர்க்காது. ஆக, அந்த விகிதப்படி குறைந்தது 6,30,000 கையில் இருக்க வேண்டியிருந்தது. ஆவண எழுத்தர் கட்டணம், வங்கியின் சட்டக் கருத்து, அடமானப் பதிவுச் செலவு தனி.

"மகாராஷ்டிராவுல தொற்றுக்காக முத்திரைத் தீர்வையைக் குறைச்சாங்களே, இங்க இல்லையா?" என்று கேட்கிறார்கள். அங்கே 2020 செப்டம்பர் முதல் சில மாதங்களுக்குக் குறைத்தார்கள். நம்ம மாநிலத்தில் கிரயப் பத்திரத்துக்கு 7 கூட்டல் 4 என்று 2017 ஜூனில் வந்த விகிதம் 2021இலும் அப்படியே தொடர்ந்தது. கணக்கு வழிகாட்டி மதிப்பு, உண்மை விலை இரண்டில் எது அதிகமோ அதன் மேல். வழிகாட்டி மதிப்பையும் டிஎன்ரெஜிநெட்டில் தெருவாரியாகப் பார்க்கலாம்.

விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் 1 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு. தொற்றுச் சலுகையாக 0.75 சதவீதமாகக் குறைத்திருந்தது 2021 மார்ச் 31உடன் முடிந்தது.

தொற்றுக் காலத்தில் வங்கிகள் சம்பள விஷயத்தில் கூடுதலாகக் கேள்வி கேட்டன. முந்தைய வருடம் சம்பளம் வெட்டப்பட்டதா, கடைக்காரர் என்றால் எத்தனை மாதம் கடை மூடியிருந்தது என்றெல்லாம் விசாரித்தார்கள். ஆகவே வீடு பார்க்கும் முன்பே வங்கியில் உங்கள் தகுதித் தொகையை எழுத்தில் வாங்கிவிடுங்க. முன்பணம் கொடுத்த பிறகு கடன் மறுக்கப்பட்டால், நட்டம் உங்களுக்குத்தான். ஆறு மாதத் தவணைக்கான பணம் தனியே ஒதுக்கி வைக்க முடியாவிட்டால், கொஞ்சம் பொறுப்பதே நல்லது.

2021இல், ஆண்டு வருமானம் 6 லட்சத்துக்குள் இருந்து, குடும்பத்தில் யாருக்கும் சொந்த வீடு இல்லாதவர்களுக்குப் பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனாவின் வட்டி மானியம் இருந்தது. அந்த மானியம் 2022 மார்ச் 31வரை நீட்டிக்கப்பட்டிருந்தது.

நான்காம் படி: முன்பணம் கொடுக்கும் நாள்

ஆரம்பத்தில் சொன்ன உதாரணத்துக்கு வருவோம். அங்கே என்ன தப்பு நடந்தது? வாய்வார்த்தையை நம்பியதுதான்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். செலவு அதிகமில்லை. 2021இல் முத்திரைத் தீர்வை 20 ரூபாயாக இருந்தது. பதிவுக் கட்டணம் முன்பணத்தில் 1 சதவீதம். இரண்டு லட்சத்துக்கு 2,000 ரூபாய், அதோடு சிறு கணினிக் கட்டணம். வீட்டை முன்கூட்டியே ஒப்படைத்தால் மட்டும் முழு விலைக்கும் 1 சதவீதம்.

இந்தச் சின்னச் செலவால் மூன்று நன்மை. ஒன்று, ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அதே வீட்டை விலை பேச வரும் இன்னொருவருக்கு அது தெரிந்துவிடும். இரண்டு, விற்பவர் தவறிவிட்டாலும் ஒப்பந்தம் அவருடைய வாரிசுகளைக் கட்டுப்படுத்தும். மூன்று, வழக்கு என்று வந்தால் உங்கள் கையில் பலமான ஆவணம் இருக்கும்.

ஆனாலும் வாரிசுகள் வந்துவிட்டால் காலம் நீளும். தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்க வேண்டும். அத்தனை வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். அவர்களில் 18 வயது நிரம்பாத பிள்ளை இருந்தால் அந்தப் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவைப்படும். துக்க வீட்டில் போய் அவசரப்படுத்தவும் முடியாது, அது முறையும் இல்லை. அதனால்தான் இடைவெளியைச் சுருக்கச் சொல்கிறோம். வங்கிச் சம்மதமும் ஆவணச் சோதனையும் முடிந்த பிறகு முன்பணம் கொடுத்தால், இரண்டு மாத இடைவெளி இரண்டு வாரமாகும்.

ஒப்பந்தத்தில் இவற்றை எழுதச் சொல்லுங்க:

- ஊரடங்கோ, பதிவு அலுவலகம் மூடலோ வந்தால் காலக்கெடு எத்தனை நாள் நீளும்.
- வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும், எவ்வளவு கழிக்கப்படும்.
- இரு தரப்பில் யாருக்கு எது நேர்ந்தாலும் ஒப்பந்தம் வாரிசுகளுக்குப் பொருந்தும் என்பது.
- சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், மின் கட்டண பாக்கி எந்தத் தேதிவரை யார் பொறுப்பு.
- வாடகைக்கு ஆள் இருந்தால் எப்போது காலி செய்து தரப்படும்.

முன்பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீங்க. அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வங்கி வழியாக அனுப்பினால் அதுவே ரசீது. புரோக்கர் கணக்குக்கு அனுப்பாமல் உரிமையாளர் கணக்குக்கே அனுப்புங்க.

விற்பவருக்கே வீட்டுக் கடன் இருந்தால் இன்னொரு கவனம். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட்வரை தவணை ஒத்திவைப்புச் சலுகை இருந்தது. தவணைதான் ஒத்திவைக்கப்பட்டதே தவிர, வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதனால் அவர் மனதில் வைத்திருக்கும் பாக்கியும் வங்கிக் கணக்கில் இருக்கும் பாக்கியும் ஒன்றாக இருக்காது. வங்கியிடமிருந்து நிலுவைக் கடிதத்தை எழுத்தில் வாங்கச் சொல்லுங்க.

"அவர் வெளிநாட்டுல இருக்கார், பவர் வச்சு முடிச்சுக்கலாம்" என்றால்

பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பக்கம் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்ப்பவர்கள் நிறைய. அவர்கள் சொத்து பெரும்பாலும் பவர் மூலம்தான் விற்கப்படுகிறது. வெளிநாட்டில் எழுதும் பவர் இந்தியத் தூதரகம் போன்ற உரிய அதிகாரி முன் எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்த நொடியே பவரும் முடிந்துவிடும். பவர் எழுதி 30 நாள் தாண்டியிருந்தால், கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்றைப் பதிவு அலுவலகத்தில் கேட்பது இதற்காகத்தான். இந்தக் காலத்தில் இதை வெறும் சடங்காக நினைக்க வேண்டாம். பதிவுக்கு முந்தின நாள் பவர் கொடுத்தவரிடம் நீங்களே வீடியோ காலில் இரண்டு வார்த்தை பேசிவிடுங்க.

புது ஃபிளாட் வாங்குவோருக்கு

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ, எட்டு வீட்டுக்கு மேலோ கட்டப்படும் திட்டம் ரெரா சட்டப்படி பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது.

தொற்றால் தொழிலாளர்கள் ஊர் திரும்பியதால், திட்டங்களின் முடிவுத் தேதியை ஆறு மாதம் நீட்டிக்க மத்திய அரசு 2020 மே மாதம் அறிவுறுத்தியது. விளம்பரத் தாளில் இருக்கும் தேதியை விட்டுவிட்டு, ரெரா தளத்தில் இப்போது எந்தத் தேதி இருக்கிறது என்று பாருங்க. 2021இல் சிமென்ட், கம்பி விலை ஏறியிருந்தது. "விலையேற்றத்துக்குத் தனியாகத் தரணும்" என்று ஒப்பந்தத்தில் எங்காவது ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் படிங்க.

ஐந்தாம் படி: பதிவு நாள்

ஆவண விவரங்களை டிஎன்ரெஜிநெட்டில் ஏற்றி, கட்டணத்தை ஆன்லைனில் செலுத்தி, நாளும் நேரமும் குறித்த டோக்கன் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். 2021 ஜூன் மாதம் தளர்வு வந்தபோதும் பதிவு அலுவலகங்களில் தினமும் பாதி டோக்கன்கள் மட்டுமே தரப்பட்டன. கட்டுப்பாடு மீண்டும் வந்தால் மீண்டும் அப்படி ஆகலாம். முகூர்த்த நாளில் எல்லோரும் கேட்பார்கள். நாள் பார்ப்பவர்கள் இரண்டு மூன்று நாட்களைக் குறித்து வச்சுக்குங்க.

டோக்கன் நாள் காலையில் வில்லங்கச் சான்றை இன்னொரு முறை போனில் பாருங்க. முன்பணம் கொடுத்தபின் புதிதாக எதுவும் ஏறியிருக்கிறதா என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

உள்ளே போக வேண்டியவர்கள் விற்பவர், வாங்குபவர், இரண்டு சாட்சிகள். மற்றவர்கள் வெளியே இருக்கட்டும். அசல் அடையாள அட்டை, ஆதார், பான் கார்டு, மூல ஆவணங்கள் எல்லாம் ஒரே கோப்பில். கைரேகை வைக்கும் முன்னும் பின்னும் கிருமிநாசினி. கேமரா முன் மட்டும் முகக்கவசத்தை இறக்கி, உடனே போட்டுக்கொள்ளுங்க. சாட்சிக்கு எழுபது வயது மாமாவை அழைக்காமல், தடுப்பூசி போட்ட இளையவர் யாரையாவது அழைத்துப் போங்க.

விற்பவர் முதியவர், படுக்கையில் இருக்கிறார், வர முடியாது என்றால்? தக்க காரணம் இருந்தால் பதிவு அலுவலர் வீட்டுக்கே வந்து பதிவு செய்ய பதிவுச் சட்டத்தின் 31ஆம் பிரிவு இடம் தருகிறது. மனுவும் தனிக் கட்டணமும் உண்டு. மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே அலுவலகத்தில் கேளுங்க. தொற்றோடு இருப்பவரென்றால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்க. குணமாகும்வரை காத்திருப்பதே எல்லோருக்கும் நல்லது.

காத்திருக்கலாமா என்ற பயம் வேண்டாம். கையெழுத்தான பத்திரத்தைப் பதிய 4 மாத அவகாசம் உண்டு. தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் அதன்பின் இன்னும் 4 மாதம் அபராதத்தோடு கிடைக்கும். முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு மட்டும் காத்திருக்காதீங்க. மீதித் தொகை பதிவு அன்று கைமாறுவதுதான் பாதுகாப்பு.

பதிவுக்குப் பிறகு

பத்திரம் கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். பட்டா மாறுதல் பாக்கி இருக்கிறது. பதிவின்போதே மனு வருவாய்த்துறைக்கு ஆன்லைனில் போகும். மனு எண்ணை வைத்து நிலையைப் போனில் பார்க்கலாம். உட்பிரிவு செய்ய வேண்டிய இடமென்றால் நில அளவர் வந்து அளக்க வேண்டும். இந்தக் காலத்தில் அது தாமதமாகலாம். ஒரு மாதத்துக்கு ஒருமுறை நிலையைப் பார்த்து, நின்றுபோயிருந்தால் தாலுகா அலுவலகத்தில் மனு எண்ணோடு கேளுங்க.

சொத்து வரி, குடிநீர் இணைப்பு, மின் இணைப்பு மூன்றையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்க. கணவன் மனைவி இருவர் பெயரிலும் வாங்கலாமா என்பதைப் பத்திரம் எழுதும் முன்பே பேசி முடிவெடுப்பது நல்லது. வீட்டுக் கடனுக்குக் காப்பீடு எடுப்பதையும் யோசிங்க. சம்பாதிப்பவருக்கு ஒன்று ஆகிவிட்டால், மிஞ்சுகிற கடன் குடும்பத்தின் தலையில் விழக் கூடாது.

அடிக்கடி வரும் இரண்டு கேள்விகள்

"விலை ரொம்ப குறைச்சுக் கேட்கிறாங்க. வாங்கலாமா?" பணத் தேவைக்காக நியாயமாகவே குறைத்து விற்பவர்கள் உண்டு. பட்டாச் சிக்கல், பங்காளித் தகராறு, வெள்ளம் புகும் இடம் என்பதாலும் விலை குறையும். ஏன் குறைவு என்ற காரணம் தெரியும்வரை முன்பணம் வேண்டாம். காரணம் ஆஸ்பத்திரிச் செலவு என்று தெரிந்தால், அடிமாட்டு விலைக்குக் கேட்காமல் நியாயமான விலைக்குப் பேசி முடிங்க. மனமொத்து விற்றவர் பிறகு வழக்குக்கு வருவதில்லை.

"இப்போ வாங்குறதா, அடுத்த வருஷம் பார்த்துக்கிறதா?" வேலை உறுதியாக இருந்து, கையில் மேலே சொன்ன தொகையும் ஆறு மாதத் தவணையும் இருந்தால், தொற்று ஒன்றே தடையில்லை. இதில் ஏதாவது ஒன்று குறைந்தால், வட்டி குறைவு என்பது மட்டும் வாங்குவதற்குக் காரணமாகாது.

சிதம்பரத்து உதாரணத்தில் அந்த இரண்டு லட்சத்தோடு ஏப்ரலிலேயே இன்னொரு 2,020 ரூபாய் செலவழித்து ஒப்பந்தத்தைப் பதிந்திருந்தால், துயரம் நடந்த பிறகும் இரு குடும்பங்களுக்கும் வழி தெளிவாக இருந்திருக்கும். எவ்வளவு வாங்கினார், யார் கொடுத்தார், யார் கையெழுத்திட வேண்டும் என்பதை எழுத்தே சொல்லியிருக்கும். விற்பவர் குடும்பத்துக்கும் அது ஒரு பாதுகாப்புதான். இந்தக் கட்டுரையை மூடும் முன் போனில் இந்த ஐந்தையும் குறித்து வச்சுக்குங்க: வில்லங்கம், அசல் பத்திரம், வெள்ளம், வங்கிச் சம்மதம், பதிவான ஒப்பந்தம். முன்பணம் இவற்றுக்குப் பிறகுதான்.